அம்மையநாயக்கனூர் சண்டை

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு ரோட்டில் போனால் கோடை ரோடு டோல்கேட். ரயிலில் போனால் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். அந்த ஸ்டேஷன் இருக்கிற ஊரோட பேரு அம்மையநாயக்கனூர். மலைக்குப் போறவங்க இறங்கி வண்டி பிடிக்கிற இடம்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். நம்ம பக்கத்து ஆளுங்ககிட்ட கேட்டா நிலக்கோட்டை மல்லிகைப்பூவைப் பத்திச் சொல்வாங்க. இருநூறு வருஷம் நடந்த மதுரை நாயக்கர் ஆட்சி இந்த ஊர்க் காட்டில்தான் முடிஞ்சதுன்னு சொல்ல ஆளைத் தேடணும். (காடுன்னா எங்க பக்கம் மானாவாரி நிலம். புலி, சிறுத்தைன்னு கற்பனை பண்ணிக்க வேண்டாம்.)

வருஷம் 1736. வந்தவன் போனவன் யாரோ போட்ட சண்டை இல்லை. ஒரே குடும்பத்துக்குள்ள நடந்த பங்காளிச் சண்டை.

கதையைக் கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்றேன். ராணி மங்கம்மாளோட பேரன் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1731-32 வாக்கில் பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். தலைநகரம் அப்போ திருச்சிராப்பள்ளி. அவரோட மனைவி மீனாட்சி ஆட்சியை எடுத்துக்கிட்டாங்க. நிறைய பேர் மங்கம்மாளையும் மீனாட்சியையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. இவங்க அவங்களுக்குப் பேரன் பொண்டாட்டி.

திருமலை நாயக்கரின் தம்பி குமாரமுத்து வழியில் வந்தவர் பங்காரு திருமலை. வாரிசு நான்தானேன்னு அவர் கிளம்பினார். மீனாட்சி செஞ்சது என்னன்னா, அந்தப் பங்காருவோட மகன் விஜயகுமாரனையே தத்து எடுத்துக்கிட்டாங்க. நல்ல யோசனைதான்! பேரனாவது பட்டத்துக்கு வரட்டும்னு நினைக்கிற வயசு பங்காருவுக்கு வரலை போல. மகன் பட்டத்துக்கு வர்றவரைக்கும் அப்பனுக்குப் பொறுமை இல்லை. தத்துக் கொடுத்த வீடும் தத்து எடுத்த வீடும் ரெண்டு கட்சியா நின்னுச்சு.

1734-ல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி, தன் மகன் சப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிப்பையும் படையோட தெற்கே அனுப்பினார். வீட்டுக்குள்ள சண்டைன்னா பஞ்சாயத்துக்கு ஆள் வரத்தானே செய்யும்? பங்காரு முப்பது லட்சம் தர்றேன்னார். சப்தர் அலி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிட்டு, அதை நிறைவேத்துற வேலையை மச்சானிடம் விட்டுட்டு ஊருக்குப் போயிட்டார். மீனாட்சி அந்த மச்சானுக்கே ஒரு கோடி தர்றேன்னாங்க. தீர்ப்பு தலைகீழா மாறிப்போச்சு. சந்தா சாகிப் குர்ஆன் மேல சத்தியம் செஞ்சு கொடுத்தார்னும், துணியில் சுத்தி வெச்சிருந்தது வெறும் செங்கல்னும் ஒரு கதை உண்டு. செங்கல் நிஜமோ பொய்யோ, சத்தியம் பொய்யாப் போனது நிஜம்.

ஏன்னா, ஊருக்குப் போன சந்தா சாகிப் 1736-ல் மறுபடி வந்தார். கோட்டைக்குள்ள விட்டாங்க. ஆரம்பத்தில் ராணிக்கு மரியாதை எல்லாம் பலமாத்தான் இருந்தது. மதுரைப் பக்கம் பங்காரு கையில் இருந்தது. அவரை ஒழிச்சுக்கட்டணும்னு மீனாட்சி பேரில் ஒரு படை தெற்கே கிளம்பிச்சு, சந்தா சாகிப் சம்மதத்தோடும் ஆலோசனையோடும். மாப்பை விரிச்சுப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குறது இந்த இடம்தான். தன் வீட்டை முழுங்க வந்தவனோட யோசனையைக் கேட்டு, தன் தத்துப் பிள்ளையோட அப்பா மேல படை அனுப்புறாங்க.

அந்தப் படை முதலில் திண்டுக்கல்லைப் பிடிச்சது. நம்ம மலைக்கோட்டையேதான். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டின கோட்டையை, அந்த வம்சத்துக்குள்ள நடந்த சண்டையில் அந்த வம்சத்து ராணி பேரில் பிடிச்சாங்க.

திண்டுக்கல் போச்சுன்னா மதுரைக்கு வழி திறந்த மாதிரி. பஸ்ஸில் மதுரைக்குப் போகும்போது இடது பக்கம் சிறுமலை கூடவே வரும். வலது பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை. நடுவில் சமவெளி. வடக்கே இருந்து திண்டுக்கல் வழியா வர்ற படை இந்த மலைகளுக்கு நடுவில்தான் இறங்கியாகணும். மதுரையிலிருந்து வந்து தடுக்கணும்னா, சிறுமலை தாண்டி வெளி அகலமாகிறதுக்கு முன்னாடி தடுக்கணும். பங்காரு அம்மையநாயக்கனூரில் வந்து நின்னதுக்குக் காரணம் வேற தேட வேண்டியதில்லை. ஊரும் சாதாரண ஊர் இல்லை, திண்டுக்கல் சீமைப் பாளையங்களில் ஒண்ணு. விஸ்வநாத நாயக்கர் காலத்தில் வகுத்ததா சொல்ற பாளைய ஏற்பாட்டுக்குள்ளேயே, அவரோட வாரிசுங்க மோதிக்கிட்டாங்க.

பங்காரு நல்லாத்தான் எதிர்த்து நின்னிருக்கார். ஆனா தோத்துட்டார். அங்கிருந்து சிவகங்கைக்கு ஓடினார். சசிவர்ணத் தேவர் அப்போதான் சிவகங்கைச் சீமையை ஆரம்பிச்சு ஆண்டுக்கிட்டிருந்த காலம். அங்கே வெள்ளிக்குறிச்சியில் அடைக்கலம்.

ஜெயிச்ச மீனாட்சிக்கு என்ன கிடைச்சுது? எதிர்க்க ஆள் இல்லைன்னு ஆனதும் சந்தா சாகிப்புக்கு ராணி எதுக்கு? அரண்மனையிலேயே காவலில் வெச்சுட்டார். விஷம் குடிச்சு இறந்தாங்கன்னு சொல்றாங்க. பங்காரு மதுரையில் இருந்தவரைக்கும்தான் மீனாட்சியோட தலைக்கு விலை இருந்தது. இதை அவங்களுக்கு எடுத்துச் சொல்ல திருச்சிக் கோட்டையில் ஒரு ஆள் இல்லாமலா போச்சு? பங்காரு மேலயும் எனக்குப் பரிதாபம் பெருசா இல்லை. முப்பது லட்சத்தைக் காட்டி வெளியாளைக் கூப்பிட்டதில் அவரும்தானே முன்னாடி நின்னார்.

சந்தா சாகிப் திண்டுக்கல்லில் ஒரு தம்பியையும் மதுரையில் இன்னொரு சகோதரர் படே சாகிப்பையும் உட்கார வெச்சார். அஞ்சு வருஷம்கூட நிலைக்கலை. 1740-ல் மராத்தியர் வந்தாங்க. தோஸ்த் அலி செத்தார். 1741-ல் திருச்சி விழுந்தது. அண்ணனைக் காப்பாத்த வந்த படே சாகிப் களத்திலேயே முடிஞ்சார். சந்தா சாகிப்பைச் சதாராவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. 1748-ல் விடுதலையாகி வந்து, நவாப் பதவிக்காக ஆம்பூர், திருச்சின்னு சண்டை போட்டு, 1752-ல் தலை வெட்டப்பட்டது தனிக்கதை. இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாம் உள்ளே நுழைஞ்ச கதையும் அதுதான்.

எங்க ஊர்ல ஹைதர் அலி, திப்பு பேரைச் சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விருப்பாச்சி கோபால் நாயக்கர் பேரைக் கேட்டா நிமிர்ந்து உட்காருவாங்க. அம்மையநாயக்கனூர் சண்டையைச் சொன்னா, "எப்போ, எலக்‌ஷன்லயா?"ன்னு கேட்டார் என் நண்பர் ஒருத்தர். பங்காளிச் சண்டையைப் பாட்டுக் கட்டிப் பாடுறதுக்கு யாருக்கும் மனசு வராது போலிருக்கு.

வெள்ளிக்குறிச்சிக்குப் போன குடும்பம் தலைமுறைகளா அங்கேயே இருந்துச்சு. மதுரையில் மகால் கட்டின திருமலை நாயக்கரோட தம்பி வாரிசுங்க, சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமத்தில்.