ரிகர்சிவ்: திரும்பி ஓடும் சொல்

திரையில் மினுக்கும் கர்சருக்கும் 'ரிகர்சிவ்' என்ற சொல்லுக்கும் தாய் ஒன்றுதான். 'ஓடு' என்று பொருள்தரும் லத்தீன் வினை அது. கர்சர் என்றால் ஓடுபவன். முன்னால் 'ரி' சேர்ந்தால் திரும்ப ஓடுவது.

ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று இருந்தால் அதிலும் இறங்கி, அதே வேலையைச் செய்து, அடிவரை போய் மீள்வதால் கட்டளை வரியில் இந்தப் பெயர். தமிழில் 'தற்சுழற்சி' என்பார்கள். மீண்டு வரும் ஓட்டம் அதில் தெரியவில்லை.

லினக்ஸில் இதன் அடையாளம் 'ஆர்' என்ற ஓரெழுத்து. நகலெடுக்கும் 'சிபி', அழிக்கும் 'ஆர்எம்' இரண்டும் சிறிய ஆர், பெரிய ஆர் எதையும் ஏற்கும். 'எல்எஸ்' அப்படியல்ல: சிறிய ஆர் பட்டியலைத் தலைகீழாக்கும், பெரிய ஆர்தான் உள்ளே இறங்கும். 'சிஎச்மோட்' இன்னும் வம்பு. சிறிய ஆர் போட்டால் கோப்பைப் படிக்கும் அனுமதியே பறிபோகும்.

ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அதை அடிக்குமுன் 'பிடபிள்யூடி' அடித்து, எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.