நெய்யாற்றங்கரையில் திருமுழுக்கு: சடங்கும் சமுதாயமும்

நீரைப் போற்றாத சமயம் உலகில் அரிது. தமிழர் வாழ்விலோ நீர், பிறப்பு முதல் இறப்பு வரை உடன் வருவது. கோயிலுக்குக் குடமுழுக்கு; மாசி மகத்திற்குக் கடலாட்டு; இறந்தோர்க்குத் தென்னாட்டு ஊர்களில் நீர்மாலை. அழுக்கை அகற்றுவது மட்டுமே நீரின் தொழில் அன்று. ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு மனிதனைக் கடத்துவதும் அதன் தொழிலே என்னும் எண்ணம் இவை அனைத்திலும் ஊடாடி நிற்கிறது. கிறித்தவ நெறியின் நுழைவாயிலாகிய திருமுழுக்கும் இவ்வெண்ணத்தின்மீதே எழுந்தது. அச்சடங்கு மறைநூலில் கொண்டிருந்த பொருள் யாது? நெய்யாற்றின்கரை, பாறசாலை முதலிய எல்லை ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த பழைய தென் திருவிதாங்கூரும் அதற்கு அளித்த பொருள் யாது? இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் எல்லையும் சொல்லும்

அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை நகரைத் தழுவி ஓடிப் பூவாற்றின் அருகே கடலில் கலக்கின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. ஆயினும் உறவும் பேச்சும் வழிபாடும் அவ்வெல்லையைக் கடந்தே நடந்து வருகின்றன.

சொற்களே இதற்குச் சான்று. இப்பகுதியில் ஒரே சடங்கு மூன்று பெயர்களால் வழங்கும். பழைய வழக்கில் அது ஞானஸ்நானம். தனித்தமிழ் உணர்வு ஓங்கிய பின் திருமுழுக்கு. சிரியத் திருமுறையைப் பின்பற்றும் மலையாளக் கிறித்தவரிடையே மாமோதீசா. இது சிரிய மொழி தந்த சொல். குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தந்தையை மலையாளத்தில் 'தலைதொட்டப்பன்' என்பர். தலையில் நீர் விழும்பொழுது பெற்றோரல்லாத ஒருவர் பொறுப்பேற்கிறார் என்பதை இச்சொல் அழகுற விளக்குகிறது.

மறைநூல் காட்டும் பொருள்

மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கு 'அமிழ்த்துதல்' என்பதே பொருள். யோர்தான் ஆற்றில் யோவான் அளித்த முழுக்கு மனமாற்றத்தின் அடையாளம். நிக்கொதேமு என்னும் அறிஞரோடு இயேசு உரையாடியதாக யோவான் நற்செய்தி கூறுமிடத்தில் அது மறுபிறப்பாகின்றது. பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலிலோ பொருள் மேலும் ஆழ்கின்றது: நீருள் இறங்குவது கிறித்துவோடு இறந்து புதைக்கப்படுதல், நீரினின்று எழுவது அவரோடு உயிர்த்தெழுதல். கலாத்தியர்க்கு எழுதிய மடலில் அவர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். முழுக்குப் பெற்றோர் கிறித்துவை ஆடைபோல அணிந்துகொண்டனர்; ஆதலின் யூதர், கிரேக்கர் என்றும், அடிமை, உரிமையாளர் என்றும், ஆண், பெண் என்றும் பிரித்தல் அவர்களிடையே இயலாது என்பது அவர்தம் முடிபு.

ஆகவே திருமுழுக்கின் பொருள் மூன்று கூறாகின்றது எனலாம். பழைய மனிதன் இறக்கிறான். புதிய ஆடை அணிகிறான். வேற்றுமையற்ற ஒரு குடும்பத்தில் சேர்கிறான். முதற் கூறு உள்ளத்தைச் சார்ந்தது. பின்னிரண்டும் ஊரார் கண்ணுக்குத் தெரிபவை. இந்நாட்டில் போராட்டம் எழுந்தது பின்னிரண்டைப் பற்றியே.

பெயர் என்னும் இரண்டாம் பிறப்பு

1544ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிசு சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர் ஊர்கள்தோறும் சென்றார். பூவாறு முதல் பள்ளம் வரை அமைந்த ஊர்கள் அவை. ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாக 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் குறிப்பிடுகின்றார். முழுக்குப் பெற்ற ஒவ்வொருவர்க்கும் புதிய பெயரை எழுதிக் கொடுத்தார் என்ற செய்தியும் அவர் மடலில் உண்டு. எழுத்தறியாத மீனவன் ஒருவன் தன் பெயர் எழுதிய ஓலையைக் கையில் பெறுதல் சிறு செய்தி அன்று. வரிக்கணக்கில் அன்றி வேறெதிலும் பெயரேறாத மக்களுக்கு அதுவே முதற் பதிவேடு ஆயிற்று.

அப்பெயர்கள் தமிழில் வேரூன்றியது பிற்காலத்து நிகழ்ச்சி. பேதுரு இராயப்பர் ஆனார்; பவுல் சின்னப்பர் ஆனார்; யோவான் அருளப்பர் ஆனார். இலாசர் என்னும் பெயரின் பொருள் 'இறைவன் துணை' என்பதாதலின் அது தேவசகாயம் ஆயிற்று. இப்பெயரைத் தாங்கிய ஒருவர் வரலாறு இந்நாட்டில் தலையாயது.

நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராக உயர்ந்த தெ லனாய் என்பவரின் நட்பால் யோபுவின் கதையைக் கேட்டுக் கிறித்தவ நெறியை நாடினார். திருவிதாங்கூர் எல்லைக்குள் முழுக்குப் பெறுதல் ஆபத்தாயிருந்தமையின், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திற்குச் சென்றார். 1745 மே 14 அன்று, பரஞ்சோதிநாதர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட சேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்துத் தேவசகாயம் எனப் பெயரிட்டார். மனைவி பார்கவி பின்னர் ஞானப்பூ ஆனார். 1749இல் சிறை; எருமைமீது ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தல்; 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படுதல். அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர்மீது சினம் எழுந்தது ஏன்? நீரைத் தலையில் ஏற்றமைக்காக மட்டும் அன்று. உயர்குடியிற் பிறந்தவர் தாழ்த்தப்பட்டோருடன் கலந்து உண்டு உறவாடினார் என்பதும் ஒரு பெருங்காரணம். கலாத்தியர் மடலின் கருத்தைச் சொல்லாமல் செய்து காட்டினார் அவர்.

எச்சிலும் சுவரும்

திருச்சபை தானும் இக்கருத்தை எளிதில் ஏற்று நடக்கவில்லை. பழைய உரோமைச் சடங்கில் குரு தம் உமிழ்நீரால் முழுக்குப் பெறுபவரின் செவியையும் மூக்கையும் தொடுவார். எச்சில் தீட்டு என்னும் உணர்வு மிக்க இந்நாட்டில் இது மக்களை விரட்டிவிடும் எனக் கண்ட மதுரை மறைப்பணியாளர் இதனை விட்டுவிட்டனர். 1704இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்நோன் பிறப்பித்த ஆணை இதனைக் கண்டித்தது. பதினான்காம் பெனடிக்டு 1744இல் பத்தாண்டுகட்கு விலக்கு அளித்தார். உமிழ்நீரை விடுவது சிறு இணக்கமே. ஆனால் அதே ஏற்பாட்டில், தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருமார் அமைக்கும் முறையும் இடம்பெற்றது. எச்சிலுக்கு அஞ்சியவர்கள் தொடுதலுக்கும் அஞ்சினர் என்பதே இதன் உட்கிடை.

தேவசகாயம் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் இரண்டு கூடங்கள் பலிபீடத்தில் ஒன்றுசேரும் வடிவில் கோயில் எழுந்தது. ஒரு கூடம் உயர்சாதியார்க்கு, மற்றது ஏனையோர்க்கு. மக்கள் அதனைக் காற்சட்டைக் கோயில் என்றனர். பிரிக்கும் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. எதிர்த்தோர் வழக்காடினர், தீர்ப்போ இடித்தவர் பக்கமே நின்றது. ஒரே தொட்டி நீரில் முழுகியவர் ஒரே கூரையின்கீழ் ஒன்றாய் நிற்க, அவ்வூரில் தேவசகாயத்தின் முழுக்கிற்குப் பின்னும் 165 ஆண்டுகள் ஆயின.

ஆடை என்னும் அறைகூவல்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சையில் 1799இல் முழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பின்பேரில் 1806 ஏப்பிரல் 25 அன்று இலண்டன் மிசனரி சங்கத்தின் இரிங்கல்தோபே தென் திருவிதாங்கூரில் அடிவைத்தார். சவேரியார் விரைந்து முழுக்கு அளித்தார்; இரிங்கல்தோபேயோ தயங்கினார். தலைவரியினின்றும் ஊழியத்தினின்றும் விடுதலை பெறுவதற்காக மக்கள் வருகிறார்களோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. ஐயம் இயல்பே. எனினும், கூலியின்றி உழைக்க வேண்டிய ஒருவன் விடுதலையை நாடுவதில் ஆன்மிகம் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல நம்மால் இயலவில்லை.

இச்சங்கத்தின் பணி நெய்யூர், பாறசாலை எனப் பரவிற்று. பாறசாலையில் பணியாற்றிய ஜான் ஆப்சு தம் இருபத்திரண்டு ஆண்டுப் பட்டறிவை 1870இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்தில்தான் கிறித்துவை ஆடையாய் அணிதல் என்னும் பவுலின் உவமை தெருவுக்கு வந்தது. பழைய திருச்சபையில் முழுக்குப் பெற்றோர்க்கு வெண்ணிற ஆடை அணிவிப்பர். திருவிதாங்கூரிலோ நாடார் முதலிய குலப் பெண்கள் மார்பை மறைத்தலே குற்றம். கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணிந்தனர், மேலாடையும் அணிந்தனர். ஆடை கிழிக்கப்பட்டது; வழிபாட்டு இடங்கள் எரிக்கப்பட்டன. 1829 ஆணை குப்பாயத்தை மட்டும் இசைந்தது. 1855இல் அடிமை முறை ஒழிந்தது. 1859 சூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராசாவின் அறிவிப்பு, கிறித்தவரல்லாதார் உட்பட நாடார் பெண்கள் அனைவர்க்கும் மார்பை மறைக்கும் உரிமையை அளித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணிதல் கூடாது என்ற தடை நீடித்தது. முழுக்குப் பெற்றவர் தொடங்கிய போராட்டம், முழுக்குப் பெறாதவர்க்கும் உரிமையாய் முடிந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஓர் ஆறு, பல துறை

இன்று எல்லை ஊர்களில் திருமுழுக்கு முறைகள் பலவற்றையும் நடந்து செல்லும் தொலைவில் காணலாம். 1996இல் அமைந்த நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டத்தில் குழந்தையின் தலையில் மும்முறை நீர் வார்ப்பர். 2017இல் அமைந்த பாறசாலை மலங்கரை மறைமாவட்டத்தில் முழுக்கோடு மூறோன் எண்ணெய்ப் பூசுதலும் உடன் நிகழும். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை குழந்தைக்கு முழுக்களித்து, வளர்ந்தபின் திடப்படுத்தும். பெந்தெகொசுதே சபையார் நம்பிக்கை அறிக்கையிட்ட பெரியோரை நீரில் முழுவதும் அமிழ்த்துவர். இரட்சணிய சேனையாரோ இச்சடங்கையே மேற்கொள்வதில்லை. கொடியின்கீழ் உறுதிமொழி ஏற்றலே அவர்தம் முறை.

இவற்றுள் எது சரி என்னும் வாதம் பழையது. ஓடும் நீர் சிறந்தது. அஃது இல்லையேல் வேறு நீர். அதுவும் போதாதெனில் தலையில் மும்முறை வார்த்தல் போதும் என்று திதக்கே எனப்படும் மிகப் பழைய கிறித்தவக் கையேடு நெகிழ்ந்து கொடுக்கின்றது. சபைகள் ஒன்றன் முழுக்கை மற்றொன்று மதித்து, மறுமுழுக்கைத் தவிர்க்க வேண்டும் என்று 1982இல் இலீமா நகரில் உருவான உடன்பாட்டு ஆவணமும் வேண்டிற்று. நீரின் அளவு பற்றிய இவ்வழக்குத் தீர்ந்தாலும் தீராவிட்டாலும், அதனினும் பெரியதொரு வழக்கு எஞ்சியிருக்கின்றது.

பதிவேட்டில் இறந்த சாதி

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியார் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் அளித்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. 1985இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த தொழிலாளி ஒருவர்க்கு, கிறித்தவர் என்னும் காரணத்தால் அரசு தரும் கடைப்பெட்டி மறுக்கப்பட்டது. மதம் மாறியபின்னும் இழிவு அதே அளவில் தொடர்கின்றது என்று மெய்ப்பிக்கப்படவில்லை என மன்றம் அவர் மனுவைத் தள்ளியது. 2024 நவம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பில், மனுதாரர் குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கே அவர் கோரிக்கைக்கு எதிரான சான்றாக நின்றது. இப்பொருளை ஆராய 2022இல் நடுவணரசு ஓர் ஆணையத்தை அமைத்தது.

கோப்புகளோடு பழகும் நாம் இதன் முரணை எளிதில் உணரலாம். முழுக்கில் பழைய மனிதன் இறந்துவிட்டான் என்று பவுல் கூறியதைச் சட்டம் எழுத்துக்கு எழுத்து நம்புகிறது. ஊரோ நம்பவில்லை. தனிக் கல்லறையும், சாதி பார்த்து நடக்கும் மணப்பேச்சும், முழுகியவன் இன்னும் இறக்கவில்லை என்றே சாதிக்கின்றன. பதிவேட்டில் சாதி இறந்து, தெருவில் அது வாழ்வதாயின், இரு பக்கத்தாலும் இழப்பவன் அவன் ஒருவனே.

தேவசகாயம் 2012இல் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் உயர்த்தப்பெற்றார். அதற்கு முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப்பட்டத்தை நீக்குக என வேண்டுகோள் எழுந்தது. திருச்சபை அதனை ஏற்று நீக்கியது. வடக்கன்குளத்தில் தொடங்கிய முழுக்கு முழுமை பெற 277 ஆண்டுகள் ஆயின. ஒரு புனிதர்க்கே இத்துணைக் காலம் எனின், எல்லை ஊர்களின் எளிய மக்களுக்கு அஃது எப்பொழுது முழுமை பெறும் என்பதே திருச்சபையும் சமுதாயமும் அரசும் சேர்ந்து விடையளிக்க வேண்டிய வினாவாகும்.