பாற்பற்களும் முன்னோர் நூல்களும்

குர்ஆன் ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு எழுத்துகள் பிறக்கும் இடங்களை ஆசிரியர் சொல்லித் தருகிறார். மக்ரஜ் எனப்படும் அவ்விடங்களுள் சில பற்களைச் சார்ந்தவை. மூன்று புள்ளியுள்ள ஸா, ஒரு புள்ளியுள்ள தால், ழா ஆகியவை நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறக்கின்றன. அப்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடுவதால் ஃபா பிறக்கிறது. மக்தபில் ஓத வரும் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பலரிடம் இந்த முன்பற்கள் கரிந்து, ஈறு மட்டத்திற்குத் தேய்ந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பெற்றோரிடம் சொன்னால், "விழப்போகிற பல்தானே, ஹஸ்ரத்!" என்று கூறிவிடுகின்றனர். இந்த அலட்சியம் நம் முன்னோரிடம் இருந்ததா?

வாய்த் தூய்மையை வணக்கத்தோடு இணைத்த மார்க்கம் நம்முடையது. சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மிஸ்வாக் குச்சி பெரும்பாலும் 'அராக்' மரத்திலிருந்து எடுக்கப்படுவது. சங்கப் பாடல்களில் 'உகாய்' எனக் குறிக்கப்படுவதும் அம்மரமே என்பர் தாவரவியலார்.

ஆனால் குச்சி பிடிக்கத் தெரியாத மழலையின் வாயைப் பேணுவது யார் பொறுப்பு? இக்கேள்வியை நம் மருத்துவர்கள் கைவிட்டுவிடவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார், குழந்தை வளர்ப்புக்கென்றே 'ஸியாஸத்துஸ் ஸிப்யான்' என்னும் தனி நூல் எழுதினார். இப்னு ஸீனா (980 - 1037) தமது 'அல்-கானூன்' நூலின் முதற் பகுதியிலேயே குழந்தைப் பராமரிப்பைப் பேசுகிறார். பல் முளைக்கும் பருவத்தில் ஈறுகளைக் கொழுப்புப் பொருள்களால் மென்மையாகத் தேய்த்துவிட வேண்டும், கடினமானவற்றை மெல்லத் தரக்கூடாது என்பவை அவருடைய அறிவுரைகள்.

மருத்துவர் இதை எழுதியதில் வியப்பில்லை. மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவரும் எழுதியிருக்கிறார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) (1292 - 1350) இயற்றிய 'துஹ்ஃபத்துல் மவ்தூத்', பிறந்த குழந்தை தொடர்பான சட்டங்களைத் தொகுத்த நூல். பெயர் சூட்டல், அகீகா, கத்னா ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்த அதே பேனா, பல் முளைக்கும் காலத்தில் ஈறுகளை நாள்தோறும் வெண்ணெய், நெய் கொண்டு தேய்க்கும்படியும் எழுதுகிறது. பற்கள் முழுமையடைந்து வலுப்பெறும்வரை கடினப் பொருள்களை அறவே தடுக்க வேண்டும், இல்லையேல் பற்கள் கெட்டுக் கோணலாகிவிடும் என எச்சரிக்கிறது. விழப்போகிற பல்தானே என்று அந்த இமாம் எண்ணவில்லை.

ஈற்றின் நலத்தைப் பல்லின் நலத்தோடு சேர்த்துக் கண்டவர் குர்துபாவின் அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி. முப்பது பகுதிகள் கொண்ட அவரது 'அத்-தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பல்லில் படியும் காரை ஈற்றையும் கெடுக்கும் என்று கூறி, அதைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை அதில் அவர் படமாகவே வரைந்து காட்டினார். 12ஆம் நூற்றாண்டில் அப்பகுதி லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவிற்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாயிற்று.

சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது என்னும் நம்பிக்கை பாபிலோனியர் காலந்தொட்டு வருவது. புழு எடுப்பதாகச் சொல்லி மக்களை ஏமாற்றியோரின் தந்திரங்களை 13ஆம் நூற்றாண்டிலேயே சிரியாவின் அல்-ஜவ்பரீ அம்பலப்படுத்தினார். நம் ஊர்களிலோ கண்டங்கத்திரி விதையின் புகையால் பல்லுப் புழுவை வெளியேற்றும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

முன்னோரைப் போற்றுவது அவர்கள் சொன்ன மருந்துகளையெல்லாம் அப்படியே பின்பற்றுவதன்று. ஈற்றில் தேன் தடவுவது பழைய நூல்களில் காணப்படும் முறை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது என்பது இன்றைய மருத்துவத்தின் தெளிவு. புழுவல்ல, இனிப்பை உண்டு அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிர்களே பல்லை அரிக்கின்றன என்பதும் இன்று ஐயமற்ற உண்மை. ஆகவே பால்புட்டியை வாயில் வைத்தபடி பிள்ளையை உறங்கவிடலாகாது. முதற்பல் தோன்றியதுமே துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயதுவரை அரிசி மணியளவும், ஆறு வயதுவரை பட்டாணியளவும் ஃபுளோரைடு கலந்த பற்பசை போதும். ஏழு வயதுவரையேனும் பெற்றோரின் கையும் உடனிருக்க வேண்டும். பாற்பற்கள் இருபதும் பின்வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. அவை காலத்திற்கு முன்பே போய்விட்டால் நிலைப்பற்கள் நெறி பிறழ்ந்து முளைக்கின்றன. கோணலாகும் என்று இமாம் அஞ்சியதற்கு அவர் கூறிய காரணம் வேறு. அவர் காட்டிய அக்கறையோ இன்றைக்கும் பொருந்துவது.

தொழுகைக்கு முன் தம் சட்டைப்பையிலிருந்து மிஸ்வாக்கை எடுக்கும் தந்தை, வீட்டில் தம் குழந்தையின் வாயை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அமானிதத்தில் விழப்போகும் பொருளென்று ஒன்றைக் கழித்துவிட நமக்கு உரிமையில்லை.