திருநாதர்குன்றில் 57 நாள்: துன்பத்தை நோக்கிய இரு நெறிகள்

செஞ்சிக்கு அருகே, 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட பாறையால் பெயர்பெற்ற திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த இடம் இதுவெனப் பழைய கல்வெட்டொன்று கூறுகிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் அக்கல்வெட்டு அவ்விடத்தை ‘நிசீதிகை’ என்கிறது. நோன்பிருந்து இறந்த சமணத் துறவியின் நினைவிடத்துக்கு அதுவே பெயர். இளைய பட்டாரகர் என்பவர் 30 நாள் நோற்றதை அதே குன்றிலுள்ள மற்றொரு கல்வெட்டு குறிக்கிறது. நோன்பை மேற்கொள்ளச் செய்தது பிணியா, மூப்பா, பட்ட வேதனை எத்தகையது என்று ஒன்றும் கூறாமல் நாட்கணக்கை மட்டும் இரண்டும் பொறித்திருப்பதற்கு, துன்பத்தைச் சமணம் நோக்கிய முறையே காரணம் எனலாம்.

சமணர் கருத்தில் வினை என்பது உயிரோடு ஒட்டிக்கொள்ளும் நுண்பொருள். அதன் பயனாக வரும் துன்பத்தை வெறுப்பின்றி ஏற்றுத் தவம் நோற்பவரிடமிருந்து பழவினை கழன்றுவிடுகிறது என்பதால், அந்நிகழ்வை ‘உதிர்ப்பு’ என்றனர். சல்லேகனை எனப்படும் இறுதி நோன்பு இந்த உதிர்ப்பின் உச்சம். தமிழில் அருங்கலச்செப்பு என வழங்கும் நூலுக்கு மூலமான சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம், தீராப் பிணி, பஞ்சம், மூப்பு, விலக்கவியலாத இடையூறு ஆகியவை நேரும்போதே இதை இசைகிறது. முதலில் சோற்றை விட்டுப் பால் போன்றவற்றைப் பருகி, பின்பு அவற்றையும் விட்டு வெந்நீர் போன்ற எளிய நீர்மங்களோடு நின்று, கடைசியில் அவற்றையும் நீக்க வேண்டும். வாழ விரும்புதல், அச்சம், நண்பரை நினைத்தல், மறுமைப் பயன் வேண்டுதல் ஆகியவற்றோடு, சாவை விரும்புதலும் அந்நோன்பின் குற்றமாக எண்ணப்பட்டது. இவ்வழக்கம் தற்கொலையே என 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அம்மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தபோது எழுந்த வாதத்தின் முடிச்சு இக்கடைசிக் குற்றத்தில்தான் இருந்தது.

செஞ்சிக்குத் தென்கிழக்கே, கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில் வலிக்கு வேறொரு பொருள் பிறந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியபடி, தருமசேனர் என்ற பெயரில் சமண சமயத்தில் தலைமை பெற்றிருந்த மருணீக்கியார், சூலை என்னும் கொடிய வயிற்றுவலியால் துடித்து, சமணரின் மந்திரங்கள் பயன்படாத நிலையில் தமக்கை திலகவதியாரிடம் வந்து திருநீறு பெற்று, இறைவனைப் பாடி நோய் நீங்கித் திருநாவுக்கரசர் ஆனார். நோயைத் தந்தவனும் தீர்த்தவனும் சிவனே என்பது இவ்வரலாற்றின் உயிர்நாடி. ஆயினும் இதைச் சொன்னவர் வென்ற தரப்பினர் என்பதையும் மறக்கலாகாது. ஒறுத்து ஆட்கொள்ளும் இவ்வருளைச் சைவர் ‘மறக்கருணை’ என்பர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வழியில் உருப்பெற்ற சைவ சித்தாந்தமும், துன்பம் வினையின் பயனே என்பதில் சமணத்தோடு உடன்பட்டது. ஆனால் வினை அறிவற்ற சடம் ஆதலால் அது தானே சென்று தன்னைச் செய்தவனைப் பற்றாது என்றும், பயனை ஊட்டுவதற்கு அறிவுடைய இறைவன் ஒருவன் வேண்டும் என்றும் வாதிட்டு, அத்தகைய இறைவனை ஏற்காத சமணத்திடமிருந்து அது விலகி நின்றது.