பெயர் இல்லாத ஆய்ச்சி

மாமல்லபுரத்துக் கற்கள் பேசும் என்பர். ஆம், பேசுகின்றன. ஆனால் யாருடைய பெயரைச் சொல்லுகின்றன? யாருடைய பெயரை மறைக்கின்றன?

அண்மையில் மதுராந்தகத்திலிருந்து என் மாணவியரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். முதலில் மகிடாசுரமர்த்தினி குகை. கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துச் செதுக்கல். எட்டுக் கரங்களோடு சிங்கத்தின்மேல் அமர்ந்து, வில்லை வளைத்து முன்னேறுகிறாள் கொற்றவை. எருமைத்தலை அசுரனோ, கதையும் கையுமாகப் பின்வாங்குகிறான். எதிர்ச்சுவரிலே பாம்பணையில் துயில்கிறான் திருமால். ஆண் உறங்க, பெண் போரிடும் காட்சி! சொல்லின்றிக் கதை சொல்லும் உளியின் ஆற்றலை மெச்சாதார் யார்?

தெய்வமாக்கிவிட்டால் பெண்ணுக்குக் கல்லிலே இடம் உண்டு. மானிடப் பெண்ணுக்கு? ஆதிவராகக் குகையைப் பாருங்கள். அங்கே அரசர் இருவர், அரசியர் நால்வர். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என அரசர் பெயர்கள் தலைக்குமேல் பொறிக்கப்பட்டுள்ளன. அரசியர் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. அரண்மனைப் பெண்ணுக்கே அந்நிலை!

கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. தலையிலே கலங்களை அடுக்கிச் சுமந்து நிற்கிறாள் ஓர் ஆய்ச்சி. அவளைக் காட்டி, "ஐயா, இந்த அம்மாவின் பெயர் என்ன?" என்று கேட்டாள் ஒரு மாணவி. விடை என்னிடம் இல்லை, கல்லிடமும் இல்லை.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. ஏதென்சு நகரத்து எரெக்தியம் கோயிலில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடித்த பெண் உருவங்கள் ஆறு, கூரையைத் தலையில் தாங்கி நிற்கின்றன. அதீனா என்னும் பெண் தெய்வத்தின் பெயர் தாங்கிய அந்நகரின் மக்கள் மன்றத்திலே பெண்ணுக்கு வாக்கு இல்லை. எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட், புந்து நாட்டுக்குத் தான் அனுப்பிய கடற்பயணத்தைக் கோயிற் சுவரிலே கதையாகச் செதுக்குவித்தாள். அவள் மறைந்தபின் அவள் பெயரையும் உருவத்தையும் பல இடங்களில் சிதைத்தார்கள்.

காஞ்சியிலோ ஒரு புதுமை! கைலாசநாதர் கோயிலின் முன்னுள்ள சிறு கோயில் ஒன்றில், இராசசிம்மனின் அரசி ரங்கபதாகையின் பெயர் கல்வெட்டாய் நிலைத்திருக்கிறது. எப்படி நிலைத்தது? அக்கோயிலை எடுப்பித்தவள் அவள். கொடுக்கும் கையிருந்தது, பெயர் நின்றது. உடைமை உள்ளவரின் பெயரையே கல் சுமக்கும். உழைப்பவரின் உருவத்தை மட்டும் காட்டும். வரலாறு தரும் பாடம் இது.

இப்பாடத்தைப் படித்தறிந்த ஊர் நம் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணோடு பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989இல் தமிழ்நாடு, குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. 2005இல் அவ்வுரிமை இந்தியா முழுமைக்கும் விரிந்தது.

சட்டம் வந்துவிட்டது; பெயர் வந்துவிட்டதா? கேள்வி கேட்ட மாணவியின் தாய், மாடு வளர்த்துப் பால் ஊற்றி மகளைப் படிக்கவைப்பவர். திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன்: "பால் கணக்குப் புத்தகத்தில் யார் பெயரம்மா இருக்கிறது?"

"அப்பா பெயர்தான், ஐயா."

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கலம் சுமந்து நிற்கிறாள் அந்த ஆய்ச்சி. அவள் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. ஆனால் கணக்குப் புத்தகம் கல்லன்று, இன்றே திருத்தலாம். அன்னையைத் தெய்வம் என்று போற்றுவது எளிது. அவள் உழைப்பின்மேல் அவள் பெயரை எழுதுவோம்; அதுவே போற்றுதல்!