வானத்தை வரைந்த கேப்டன்

சிவகாசி காலண்டரில் வானம் எப்போதும் பளிச்சென்று நீலமாக இருக்கும். ஆனால் 1858-ல், விருதுநகருக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மதுரையில் படமெடுத்த ஒருவருக்கு வானம் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் கிடைத்தது.

அவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், யானைமலை எல்லாம் எடுத்தார். யானைமலையைப் பக்கவாட்டில் பார்த்தால் படுத்திருக்கும் யானை என்று குழந்தைகூடச் சொல்லும். டிரைப் அதை ஒரு முனையிலிருந்தும் எடுத்திருக்கிறார். நீளமான யானை அந்தக் கோணத்தில் சுருங்கிவிடுகிறது.

கோணம் அவர் கையில் இருந்தது, வானம் இல்லை. அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். நீல வானமும் வெண்மேகமும் அதற்கு ஒன்றுதான். செம்மண்ணும் இலையும் இருண்டுவிடும். மஞ்சள் ஃபில்டர் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? போட்டால் நீலம் தடைபட்டு, படமே விழாது! அதனால் நெகட்டிவின் மேல் சாயம் தடவி மேகங்களை வரைந்தார்.

இது ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்ல முடியாது. முதலில் பொய் சொன்னது ரசாயனம், அவர் திருத்தினார். ஆனால் அன்று அங்கே மேகம் இருந்தது என்பதற்கு அந்தப் படத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்த வேலையையே நிறுத்தச் சொன்னார். எந்தக் காலத்திலும் கணக்குதான் ஜெயிக்கும் போல :)

1873-ல் ஜெர்மனியின் ஹெர்மன் வோகல், சில சாயங்களைச் சேர்த்தால் பிளேட் பச்சையையும் உணரும் என்று கண்டார். அப்புறம்தான் மஞ்சள் ஃபில்டருக்கு வேலை வந்தது. 1906-ல் சிவப்பு வரை உணரும் பிளேட்டுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. 1927-ல் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ், ஹாஃப் டோம் மலையை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். திருப்தியில்லை. மிச்சம் ஒரே ஒரு பிளேட்... அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை பல நாள் நீல மூட்டமாகத்தான் தெரியும். சிவப்பு ஃபில்டர் அந்த மூட்டத்தைக் குறைத்து மலை மடிப்புகளைக் காட்டும். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் சமவெளியில் அது மட்டும் போதாது. அடிவானம் வெளிறியே இருப்பதால் அங்கே ஃபில்டருக்குப் பெரிய வேலையில்லை. கேமராவைத் தாழ வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால்தான் அடர்ந்த நீலம் ஃபிரேமுக்குள் வரும். சிவப்பு ஃபில்டர் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கிவிடும், டிரைபாடை மறந்துவிடாதீர்கள்.