கொல்லும் மரபணு நிலைத்தது எப்படி? கதிர் அரிவாள் சோகையும் இயற்கைத் தேர்வும்

முன்னுரை

1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் சார்லஸ் டார்வின் முன்வைத்த வாதம் மூன்று படிகளைக் கொண்டது. ஓரினத்தைச் சேர்ந்த உயிர்கள் தமக்குள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. பிழைத்து இனம் பெருக்கும் வாய்ப்பு அவற்றைப் பொறுத்துக் கூடுகிறது அல்லது குறைகிறது. இம்மூன்றும் ஒருசேர அமைந்தால் தலைமுறைதோறும் இனத்தின் இயல்பு மாறும். இவ்வாதத்தின்படி, உயிரைப் பறிக்கும் மரபுநோய் எதுவும் அருகியே காணப்பட வேண்டும். ஆனால் குழந்தைப் பருவத்திலேயே கொல்லக்கூடிய கதிர் அரிவாள் சோகைக்குக் காரணமான மரபணுவை, கிழக்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் நூற்றுக்கு இருபது பேருக்கும் மேல் சுமந்திருந்தனர். கோட்பாட்டுக்கு முரணாகத் தோன்றிய இந்த மரபணுவே மனித இனத்தில் அதற்குக் கிடைத்த மிக வலுவான சான்றுகளுள் ஒன்றாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தகுதி என்பதைச் சூழலிலிருந்து பிரித்து அளக்க முடியாது என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.

நோயிலிருந்து மூலக்கூறு வரை

1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கடும் சோகையால் வாடிய ஒரு மாணவரின் இரத்தத்தில் அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்கள் இருந்ததை மருத்துவ இதழில் பதிவு செய்தார். 1949-இல் இரண்டு முன்னேற்றங்கள் நேர்ந்தன. பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்றவரே நோயாளி, ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக வாழும் சுமப்பவர் என்பதை ஜேம்ஸ் நீல் நிறுவினார். நோயாளியின் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதை லைனஸ் பாலிங் குழுவினர் காட்டி, இதை மூலக்கூறு நோய் என அழைத்தனர். அடுத்த சில ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்க்ராம், வேறுபாடு ஒரேயொரு அமினோ அமிலத்தில்தான் உள்ளது என்று கண்டறிந்தார்: குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருந்தது. பரம்பரையாக இறங்கும் வேறுபாடு என்று டார்வின் குறிப்பிட்டதன் பருப்பொருள் அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளி இங்கே ஒரு மூலக்கூறின் அளவில் நிரம்பியது.

மலேரியாவின் பங்கு

மத்தியதரைக்கடல் பகுதியில் மற்றொரு மரபுச் சோகையான தலசீமியா பரவியிருப்பதற்கு மலேரியா காரணமாகலாம் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் 1940-களின் இறுதியில் கருத்துரைத்தார். கென்யாவில் வளர்ந்த ஆண்டனி அலிசன், அரிவாள் மரபணு கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் மிகுந்தும், மலேரியா குறைந்த மேட்டுநிலங்களில் அருகியும் இருப்பதைக் கவனித்தார். 1954-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கம்பாலா பகுதியில் சோதிக்கப்பட்ட 290 குழந்தைகளில், சுமப்பவர் 43 பேரில் 12 பேரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. மற்ற 247 பேரில் 113 பேரிடம் இருந்தது. அதாவது 28 விழுக்காட்டுக்கு எதிராக 46 விழுக்காடு.

இவ்வேறுபாடு ஒரு மரபணுவை நிலைநிறுத்தப் போதுமா என்பதைக் கணக்கு காட்டும். மரபணுக்களில் நூற்றுக்குப் பத்து அரிவாள் வடிவம் என்று கொள்வோம். நூறு குழந்தைகளில் ஒருவர் நோயாளி, 18 பேர் சுமப்பவர், 81 பேர் அம்மரபணு இல்லாதவர். நோயாளி இறக்கும்போது அரிவாள் வடிவம் இரண்டு படிகளை இழக்கிறது. அந்த 81 பேரில் ஒன்பது பேர் மலேரியாவால் மடிந்தால் இயல்பு வடிவம் 18 படிகளை இழக்கிறது. எஞ்சுவன இயல்பு வடிவத்தின் 162 படிகளும் அரிவாள் வடிவத்தின் 18 படிகளும். விகிதம் மறுபடியும் நூற்றுக்குப் பத்து. இருபுற இழப்பும் சமன்பட்டுவிடுகின்றன. சுமப்பவருக்கு நன்மை இருந்தால் இரண்டு வடிவங்களும் நிலைக்கும் என்பதை ரொனால்ட் ஃபிஷர் 1922-லேயே கணிதமாகக் காட்டியிருந்தார்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, இம்மரபணு மீண்டும் மீண்டும் புதிதாகத் தோன்றுவதால் மிகுந்திருக்கலாம் என்பது. அப்படியானால் நோயுற்ற குழந்தைகள் பலரின் தாய்மார் சுமப்பவராக இருக்கக் கூடாது. பெல்ஜிய காங்கோவில் நடந்து 1955-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்து, திடீர்மாற்றம் மட்டும் காரணமாக முடியாது என்று காட்டியது. இரண்டாவது மறுப்பு கனமானது: சுமப்பவருக்கும் மலேரியா வருகிறதே? உண்மைதான். பிந்தைய ஆய்வுகள் அலிசனின் கருத்தைத் திருத்தின. பாதுகாப்பு தொற்றுக்கு எதிரானது என்பதைவிட, கடும் மலேரியாவுக்கு எதிரானது என்பதே சரி. மேற்குக் கென்யாவில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2002-இல் வெளியான ஆய்வில், பிறந்த இரண்டாம் மாதம் முதல் பதினாறாம் மாதம் வரை சுமப்பவரின் இறப்பு குறைந்திருந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தேய்ந்து, சொந்த எதிர்ப்பாற்றல் வளராத காலம் அது. தேர்வு மிகக் கடுமையாகச் செயல்படும் பருவத்திலேயே பயன் வெளிப்பட்டதால், இத்திருத்தம் வாதத்தை வலுப்படுத்துகிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே, நீலகிரிப் பழங்குடியினரிடமும் இம்மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் தெரிவித்தனர். அது ஆப்பிரிக்காவில் ஒருமுறை தோன்றிப் பரவியதா, பல இடங்களில் தனித்தனியே தோன்றியதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. எப்படித் தோன்றியிருந்தாலும், அது தங்கி மிகுந்ததற்கு விளக்கம் தேவை. அதை மலேரியா தருகிறது.

மூன்றாவது மறுப்பு, ஓரினத்துக்குள் நிகழும் மாற்றம் புதிய இனத்தை உருவாக்காது என்பது. இங்கே புதிய இனம் உருவாகவில்லை என்பது சரியே. மனிதக் கூட்டங்கள் தம்முள் கலந்துகொண்டே வந்துள்ளன. இனங்கள் பிரிவதற்குத் தேர்வோடு தனிமையும் வேண்டும். காலபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவுக்கு 1981-இல் வந்த ஓர் அயல் குருவி அங்கிருந்த வேற்றினப் பெட்டையோடு கூடியது. அதன் வழிவந்தவை சில தலைமுறைகளிலேயே தமக்குள் மட்டும் இணைசேரும் தனிக் கூட்டமாயின என்பதைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் பதிவு செய்துள்ளனர். கலப்பு நின்றபின், சிறு மாற்றங்கள் இரு கூட்டங்களிலும் தனித்தனியே சேரத் தடையில்லை.

முடிவுரை

இயற்கைத் தேர்வு உயிர்களை முழுமையை நோக்கி நடத்திச் செல்வதில்லை. கையிலிருக்கும் வேறுபாடுகளில், அந்தந்த இடத்தில் அதிகம் பேரைப் பிழைக்க வைப்பது எதுவோ அது பெருகுகிறது. அதன் விலையைச் சில குழந்தைகள் உயிரால் செலுத்த நேர்ந்தாலும் அது பெருகும். மலேரியா ஒழிந்த இடத்தில் இம்மரபணுவுக்கு நன்மை இல்லை, தீமை மட்டுமே எஞ்சும். அப்போதும் அது விரைந்து மறையாது. நோயாளிகள் அனைவரும் பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்தாலும், பத்து விழுக்காடு ஐந்தாகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும். எனவே இயற்கை தானே சீர்செய்யும் என்று காத்திருப்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. இம்மரபணுவைச் சுமப்போரைத் தகுதி குறைந்தோர் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. அவர்களின் முன்னோரைக் காத்தது அதுவே. பிறந்த குழந்தைகளைச் சோதித்துத் தொடக்கத்திலேயே சிகிச்சை அளிப்பதே இவ்வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொண்ட சமூகம் செய்ய வேண்டியது.